முதுகில் ஒரு கை: கண்டியிலிருந்து சாய்ந்தமருது வரை

புதன்கிழமை, காலை 5.40. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து கல்முனை பஸ் புறப்பட்டபோது என் மடியில் ஒரு கைப்பையும் கால்களுக்கு நடுவே சுருட்டிய ஊதா நிற ரப்பர் விரிப்பும் இருந்தன. டிக்கெட் எழுநூற்று நாற்பது ரூபா. கண்டக்டர் விரிப்பைத் தட்டிப் பார்த்து, கார்ப்பெட்டா என்று கேட்டார். யோகாசனம் செய்கிற விரிப்பு என்றேன். அப்படியென்றால் அதற்குத் தனி டிக்கெட் வேண்டாம் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போனார்.

கண்டியிலிருந்து கல்முனை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம். ஒரு யோகா வகுப்புக்காக இவ்வளவு தூரம் போகிறவளைப் பற்றி வாசிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கண்டியில் வகுப்புகளுக்குப் பஞ்சமா என்ன? வெள்ளைக்காரர்களுக்கு ஒன்று, வங்கி உத்தியோகத்தர்களுக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று என்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆகவே காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், ஒரு கை வைக்கப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன். அந்தக் கை பரீதா டீச்சருடையது.

பரீதா டீச்சரின் கணவர் கண்டியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் டீச்சர் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்தினார். நான் ஐந்து வருடம் போனேன். நாங்கள் குனிந்தும் வளைந்தும் நிற்கும்போது டீச்சர் சத்தமில்லாமல் பின்னால் வந்து, உள்ளங்கையை முதுகில் வைத்து, "இந்த இடம்" என்று மட்டும் சொல்லுவார். எங்கே கோணலோ அங்கே கை வரும். கணவர் ஓய்வுபெற்றதும் இருவரும் சாய்ந்தமருதுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். டீச்சருக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு அவருக்காக அங்கே காத்திருந்தது.

அவர் போன இரண்டாம் வருடம் என் கணவர் இறந்தார். இப்போது நாலு வருடமாகிறது. எனக்கு ஐம்பத்துமூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேருடைய காதுக்குப் பின்னால் விரல் வைத்துக் கொக்கியை வளைத்துச் சரிசெய்கிறேன். "கொஞ்சம் தொடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். அது தொழில் மரியாதை. ஆனால் என்னைத் தொடுகிறவர் யாருமில்லை. செத்த வீட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முப்பத்தோராம் நாளோடு அது முடிந்தது. நம் சனங்கள் அதற்குப் பிறகு தேத்தண்ணீர் தருவார்கள், பலகாரம் தருவார்கள், கை தரமாட்டார்கள்.

போன வருடம் கண்டியில் ஒரு புதிய வகுப்பில் சேர்ந்தேன். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஆசிரியர் உங்களைத் தொட்டுத் திருத்தலாமா, ஆம் அல்லது இல்லை. நல்ல கேள்விதான். ஆனால் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்குக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தவள் நான். அவள் அதே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், ஐம்பது தாண்டியவள், "ஆம், தொடலாம்" என்று கோடு போடுவதா? பேனா தானாக "இல்லை"க்குப் போய்விட்டது. எட்டு மாதம் அந்தப் பெடியன் மாஸ்டர் மூன்றடி தள்ளி நின்று, கை கட்டிக்கொண்டு, "மேடம், தோளை இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை.

காலை 8.20, மஹியங்கனை. மலை இறக்கத்தின் பதினெட்டு வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வந்திருந்தேன். பஸ் இருபது நிமிடம் நின்றது. தேநீரும் இரண்டு உளுந்து வடையும் இருநூறு ரூபா. பக்கத்து ஆசனத்தில் கண்டியிலிருந்தே தூங்கிக்கொண்டு வந்த பெண் இப்போது விழித்துக் கதைக்கத் தொடங்கினார். மருதமுனைக்காரி, கைத்தறிச் சாரன்களைக் கண்டிக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்புகிறார். எங்கே போகிறேன் என்று கேட்டார். முதுகு விஷயமாக ஒருவரைப் பார்க்க என்றேன். நோவா என்று கேட்டதும், ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மருதமுனையில் ஒரு பரிசாரி இருக்கிறார், எண்ணெய் போட்டு உருவினால் மூன்று நாளில் எழும்பி ஓடலாம், விலாசம் எழுதித் தரட்டுமா என்றார். நோவில்லை என்று அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? விலாசத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மஹா ஓயாவைத் தாண்டியதும் காடு மெல்ல விலகி வெயில் விரிந்தது. அம்பாறை 11.15. அங்கிருந்து கடல் வரைக்கும் ஒரே வயல். பெரும்போக அறுவடை முடியும் நேரம். சம்மாந்துறை வீதியில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. தாரில் காயப்போட்டு, ஓரமாகக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். சாரதி ஒரு மணியும் டயரில் படாமல் பஸ்ஸை ஒதுக்கி ஓட்டினார். வீரமுனைக் கோவில் கோபுரம் வலப்பக்கம் தெரிந்தபோது மருதமுனைக்காரி, இனி இறங்க ஆயத்தப்படுங்கள், காரைதீவுச் சந்தியில் திரும்பினால் மிச்சம் எல்லாம் ஒரே தெருதான் என்றார். உண்மைதான். காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று பெயர்ப்பலகைகள் மாறுகின்றன; கடைகள் மட்டும் இடைவெளியில்லாமல் தொடர்கின்றன.

பகல் 12.50, கல்முனை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன், மூவாயிரத்து ஐந்நூறு. சோறும் பாரைமீன் குழம்பும் நானூற்றைம்பது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன நாளில் மாதிரி எழும்பி எழும்பிக் கண்ணாடியில் முகம் பார்த்தேன். இந்த வயதில் இதற்கெல்லாம் வெட்கமாகவும் இருந்தது.

பிற்பகல் 3.50. ஓட்டோவில் சாய்ந்தமருதுக்கு மூன்று கிலோமீட்டர், முந்நூறு ரூபா. சாரதி ஒலுவில்காரர். துறைமுகம் கட்டிய பிறகு கடல் கரையை அரிக்கத் தொடங்கி, வாப்பாவுடைய தென்னந்தோட்டத்தில் பாதி தண்ணீருக்குள் போய்விட்டதாம். அதனால் இந்தப் பக்கம் பெண் எடுத்து வந்துவிட்டேன் என்று சிரித்தார். யோகா வகுப்பு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, "பரீதா ராத்தாட எக்ஸசைஸ்" என்று கேட்க வேண்டும் என்றும் அவர்தான் திருத்தினார். ராத்தா என்றால் இங்கே அக்கா.

வகுப்பு ஒரு டியூஷன் கட்டடத்தின் மேல்மாடியில், அஸர் தொழுகை முடிந்து 4.15க்கு. படிக்கட்டின் கீழே செருப்புகள் சோடி சோடியாக, மூக்கு வெளியே பார்க்க வைக்கப்பட்டிருந்தன. மேலே கதவுக்குப் பக்கத்தில் ஆணிகளில் அபாயாக்கள், வெளியே போகும்போது போடுகிற கறுப்பு மேலங்கிகள், தொங்கின. யன்னல்களுக்குத் தடித்த திரை. கைத்தொலைபேசிகளை அணைத்து ஒரு கூடைக்குள் போட வேண்டும். பிந்தி வருகிறவர் முதல் ஆசனம் முடியும்வரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். அடுத்தவருடைய பாயை மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். இதையெல்லாம் வாசலில் நின்ற பெண் எனக்குத் தாழ்ந்த குரலில் சொன்னாள். இன்னும் ஒன்று இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

பதினாறு பெண்கள். எல்லோரும் பன்பாய் விரித்திருந்தார்கள். சில பாய்களில் கால்மாட்டு மூலை மேலே மடிந்து கிடந்தது, சிலவற்றில் நேராக இருந்தது. இவ்வளவு ஒழுங்கு பார்க்கிறவர்கள் பாயை ஒழுங்காக விரிக்கக் கூடாதா என்று நினைத்தேன். கண்ணாடிக் கடைக்காரிக்குக் கோணல் பொறுக்காது. என் ரப்பர் விரிப்பை இரண்டாம் வரிசையில் போட்டேன். ஏழு மணி நேரம் சுருண்டு கிடந்த விரிப்பு அல்லவா, கால்மாட்டு மூலை ஒன்று எழும்பி மடிந்து நின்றது.

பரீதா டீச்சர் உள்ளே வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், முகம் அதே முகம். என்னைக் கண்டதும் கண் விரிந்தது. பார்வை என் விரிப்பின் மூலைக்குப் போனது, சிரித்துக்கொண்டே நேராக என்னை நோக்கி வரத் தொடங்கினார். டீச்சர் வரும்போது கோணலாக இருக்கக் கூடாதே என்று நான் குதிக்காலால் மூலையை அமத்தினேன். அது மறுபடி எழும்பியது. தண்ணீர்ப் போத்தலை எடுத்து அதன்மேல் வைத்தேன். நிமிர்ந்தபோது டீச்சர் இரண்டு பாய் தள்ளி நின்றுவிட்டிருந்தார். தலையை மட்டும் அசைத்து ஸலாம் சொன்னார். பிறகு மற்ற வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி வகுப்பு தொடங்கியது. டீச்சர் கட்டளைகள் எல்லாம் ஊர்ப்பேச்சில்தான். குனியுங்கள் என்பார், நிமிருங்கள் என்பார், திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் கிறுகுங்கள் என்பார். ஓங்காரம் இல்லை, சூரிய நமஸ்காரம் இல்லை, நெற்றி நிலத்தில் படுகிற ஆசனமும் இல்லை. அது தொழுகைக்கு உரியது என்பதால் எடுத்துவிட்டாராம். மற்றபடி தையற்கடை மாடியில் செய்த அதே பயிற்சிகள். என் உடம்புக்கு எல்லாம் நினைவிருந்தது.

ஆனால் கை வரவில்லை. முன்வரிசையில் ஒரு இளம்பெண்ணின் இடுப்பில் வைத்தார். எனக்கு அடுத்த பாயில் இருந்த தடித்த அம்மாவின் தோளில் வைத்து, மூச்சு விடும்வரை காத்து நின்றார். முன்னைப் போல் பின்னாலிருந்து வரவில்லை. முதலில் கால்மாட்டில் வந்து நின்று, அவர்கள் கண்டபிறகுதான் தொட்டார். ஒவ்வொருவராகக் கடந்து என் பக்கம் வரும்போதெல்லாம் என் முதுகு காத்துக்கொண்டிருந்தது. "மாலினி, வலது தோள இறக்குங்க" என்று ஒருதரம் சொன்னார். குரல் மட்டும்தான் வந்தது. கடைசியில் எல்லோரும் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும்போது டீச்சர் என் விரிப்பைச் சுற்றி அடுத்த பாய்க்குப் போகும் சத்தம் கேட்டது. கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. இருநூறு கிலோமீட்டர் வந்து, கண்டியில் மூன்றடி தள்ளிக் கிடைத்ததையே வாங்கிக்கொண்டேன்.

மாலை 6.40. மஃரிப் தொழுகை முடிந்து டீச்சர் என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார். கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால், வாசலில் ஒரு ஜாம் மரம். அவர் கணவர் ஸலாம் சொல்லிவிட்டு நாங்கள் கதைக்கட்டும் என்று பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார். இஞ்சித் தேத்தண்ணியும் ரொட்டியும் மாசிச் சம்பலும் வந்தன. கண்டியில் யார் யார் இருக்கிறார்கள், தையற்கடை இருக்கிறதா என்று எல்லாம் விசாரித்தார். என் தங்கச்சி தயா இன்னும் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையிலா என்று கேட்டார். அங்கேதான், அவள் கணவர் கத்தாரில், பன்னிரண்டு வருடமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிறார், மாதம் ஒருமுறை நான் போய் தேநீர் குடித்துவிட்டு வருவேன் என்றேன். நல்ல கோப்பையில் தருவாள் என்றும் சொன்னேன்.

பிறகு டீச்சராகவே அந்தக் கதைக்கு வந்தார்.

"ஒங்களக் கண்ட ஒடன ஓடி வந்தன், மாலினி. மூலைய மடிச்சித்தான் வெச்சிருந்தீங்க. பொறகு போத்தல வெச்சி அமத்திட்டீங்க. சரி, வேணாமாக்கும் எண்டு போயிட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இங்கே பாயின் மூலையை மடித்து வைத்தால் தொடலாம் என்று அர்த்தம். நேராக இருந்தால் கிட்டே போகக் கூடாது. வகுப்பு தொடங்கிய புதிதில் டீச்சர் கண்டியில் செய்தபடியே எல்லோரையும் தொட்டிருக்கிறார். ஒருநாள் ஒரு பெண்ணின் முதுகில் கை வைத்ததும் அவள் உடம்பெல்லாம் நடுங்கி, ஒரு வார்த்தை சொல்லாமல் அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பிறகு வரவேயில்லை. ஏன் என்று இன்றுவரை டீச்சருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஒருவருக்கொருவர் சொந்தம். மச்சியின் மகளிடம், மாமியின் மருமகளிடம் "என்னைத் தொடாதே" என்று வாயால் சொன்னால் அது சண்டையாகிவிடும். எழுதிக் கேட்டால் அதை நாலு பேர் பார்ப்பார்கள். ஆகவே பாய் பேசட்டும் என்று விட்டார். வேண்டாம் என்கிறவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, வேண்டும் என்கிறவள்தான் மடிக்க வேண்டும். அதையும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. நேற்று மடித்தவள் இன்று மடிக்காமல் விடலாம்.

அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டு, டீச்சர், அது ரப்பர், தானாக எழும்பியது, நான்தான் ஒழுங்கு பார்த்து அமத்தினேன் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். எனக்குக் கை வேண்டும் என்று சொல்ல வேண்டும். "அப்படியா, நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று தெரியாமலா வளர்ந்தேன்? தெரிந்தும் வாயை ரொட்டியால் அடைத்தேன். நாளைக் காலையும் வகுப்பு உண்டு, 9.30க்கு, வாருங்கள் என்றார் டீச்சர். எட்டு மணிக்கு முன்னால் விடுதிக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை, காலை 6.30. கல்முனைக் கடற்கரைக்கு நடந்து போனேன், பதினைந்து நிமிடம். வள்ளங்கள் கரைக்கு வந்திருந்தன. வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்த ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மற்றவரின் முதுகில் சாய்ந்துகொண்டு காலில் குத்திய முள்ளைப் பிடுங்கினார். சாய்ந்தவருக்கோ தாங்கியவருக்கோ அது ஒரு விஷயமாகவே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

9.30. இந்த முறை என் விரிப்பை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மூலையில் அடுக்கியிருந்த பாய்களில் ஒன்றை எடுத்து விரித்து, கால்மாட்டு மூலையை மடித்தேன். மடிந்து நிற்கவேண்டுமே என்று நகத்தால் கீறியும் விட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த பதினொரு பெண்கள். ஒருவரும் என் பாயைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது சட்டம்.

டீச்சர் வந்தார், கால்மாட்டில் நின்றார், மூலையைக் கண்டார். நான் குனிந்து நின்றேன். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கிறது என்று சொல்லி அடுத்தவரிடம் போனார். மறந்தே போனேன்: டீச்சருடைய கை கோணலுக்குத்தான் வரும். ஐந்து வருடம் அவரிடமும், எட்டு மாதம் மூன்றடி மாஸ்டரிடமும் படித்த உடம்பில், நேற்றைய வலது தோளும் இறங்கிவிட்ட பிறகு, கோணல் எங்கே இருக்கிறது? ஒழுங்காகச் செய்யப் பழகியதற்கு இப்படி ஒரு தண்டனை.

சரி என்று அடுத்த ஆசனத்தில் வேண்டுமென்றே வலது தோளைத் தூக்கினேன். டீச்சர் தூரத்தில் இருந்தார். உட்கார்ந்து உடம்பைத் திருப்புகிற ஆசனம் வந்தது. எல்லோரும் இடப்பக்கம் கிறுகினார்கள். நான் முதுகைக் கூனி, கழுத்தைத் தொங்கவிட்டு, முதல்நாள் வந்தவள் மாதிரிக் கிறுகினேன். ஐம்பத்துமூன்று வயதில் இந்த நடிப்பு. டீச்சர் வந்து கால்மாட்டில் நின்றார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கத்தில் நிலத்தில் குந்தினார்.

"பிழையாச் செய்யாதீங்க, மாலினி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கை வேணுமெண்டாக் கேளுங்க."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பதினொரு பேரும் திரும்பிய நிலையில் மூச்சை எண்ணிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். நான் கூனிய முதுகை மெல்ல நிமிர்த்தினேன். தோளை இறக்கினேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒழுங்காக உட்கார்ந்தேன். இனி திருத்துவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஒரு சாட்டும் இல்லை.

"டீச்சர், கை வைங்க."

"எங்க?"

"முதுகுல. முந்தி வைக்கிற இடத்துல. அவர் போனதுக்குப் பிறகு என்னை யாரும் தொடல்ல."

என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒரு தலையும் திரும்பவில்லை.

கை வந்தது. முன்னைவிட மெலிந்த கை, ஆனால் சூடு அதே சூடு. தள்ளவில்லை, அழுத்தவில்லை, வைத்தபடி இருந்தார். நான் மூச்சை எண்ணினேன். ஐந்து மூச்சுக்குப் பிறகு மற்றவர்களை வலப்பக்கம் கிறுகச் சொன்னார். என் முதுகிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். அவர்கள் கிறுகினார்கள். நான் கிறுகவில்லை, அப்படியே இருந்தேன், அழுதேன். பத்து மூச்சு, பன்னிரண்டு மூச்சு. பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

கை எடுபட்ட பிறகு அந்த இடம் சிறிது நேரம் சூடாக இருந்தது. பிறகு மற்ற இடங்கள் மாதிரி ஆனது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை கை வைத்தால் நாலு வருடத்துக் குறை தீர்ந்துவிடும் என்று எண்ணித்தான் டிக்கெட் எடுத்தேன். தீரவில்லை. முன்னைவிட அதிகமாக வேண்டும்போல் இருந்தது. வகுப்பு முடிந்து அபாயாக்களை எடுத்துப் போடும்போது பெண்கள் ஒவ்வொருவராக என் கையைத் தங்கள் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் படிக்கட்டு வரைக்கும் வந்தார். அடுத்தமுறை விடுதியில் காசைக் கொட்டாமல் வீட்டில் தங்க வேண்டும் என்றார். எப்போது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இருநூறு கிலோமீட்டர் என்பது இருநூறு கிலோமீட்டர்தான்.

பகல் 12.30. கல்முனையிலிருந்து கண்டி பஸ். யன்னல் ஆசனம் கிடைத்தது. காரைதீவுச் சந்தியில் கடல் பின்னால் போனது, சம்மாந்துறையில் வீதியோரத்து நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்டியில் எல்லாம் இருக்கிறது: மலை, குளிர், வேலை, வீடு, வகுப்பு. சாய்ந்தமருதில் எனக்கு ஒரேயொரு கை இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே அம்பாறை வரைக்கும் வந்தேன். ஒரு ஊரில் எல்லாம் இருந்து, இன்னொரு ஊரில் கை இருந்தால் மனுஷி எங்கே குடியிருப்பது? மஹா ஓயாவுக்குப் பிறகு வேறொரு யோசனை வந்தது. கண்டியில் கையே இல்லையா, அல்லது நான் யாரிடமும் கேட்கவில்லையா?

பிற்பகல் 4.15, மஹியங்கனை. பஸ் தேநீருக்கு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் ஆசனத்திலிருந்தே தயாவுக்கு அழைப்பெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். இந்த மாதம்தான் வந்துவிட்டாயே என்றாள். ஆமாம், மறுபடியும் வருகிறேன், தலைக்கு எண்ணெய் வைத்துவிடு என்றேன். உடம்புக்கு ஏதாவதா, டொக்டரிடம் காட்டினாயா என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல தயா. யாராவது தொட்டா நல்லா இருக்கும் போல இருக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாவது தடவையும் இது இலகுவாக இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைப் பார்த்தேன், அறவில்லை. சாரதி ஏறி உட்கார்ந்தார். சனங்கள் தேநீர்க் கையோடு ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள்.

"அக்கா" என்றாள் தயா. "எனக்கும் வச்சு விடுவியா?"